அண்டைக்கே சொன்னனான்தானே, பிள்ளை

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, பழைய மாணவிகள் சங்கத் தலைவி அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளே, இன்றைய ஆசிரியர்களே, கடல் கடந்து வந்திருக்கும் சகோதரிகளே, அன்பான மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள்.

நான் இப்படித் தொடங்கியபோது மூன்றாவது வரிசையில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கண்டேன். அவர்கள் என் வகுப்புத் தோழிகள். ஏன் சிரித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அரை மணித்தியாலத்துக்கு முன் பாடசாலை வாசலில் இவர்களைக் கண்ட நான், "எடியே, எப்ப வந்தனீ? ஒரு சொல்லுச் சொல்லேல்லை!" என்று கத்தியிருந்தேன். அதற்கு இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எங்கள் பழைய கணித ஆசிரியை எதிரே வந்தார். "வணக்கம் மிஸ், சுகமா இருக்கிறீங்களோ?" என்றேன். குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது, கைகளும் தானாகச் சேர்ந்துவிட்டன. இடையில் வைத்தியசாலையில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. அதில் பாதி ஆங்கிலம், கால்வாசி சிங்களம், மிச்சம் தமிழ். இப்போது மேடையில் "பணிவான வணக்கங்கள்" என்கிறேன். அரை மணித்தியாலத்துக்குள் நான்கு விதமாகக் கதைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் இன்று காலை தொடக்கம் செய்ததும் இதைத்தான்.

இதில் நடிப்பு எதுவும் இல்லை. 1959ஆம் ஆண்டு சார்ள்ஸ் பேர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரே சமுதாயத்தில் மேடைக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக ஒரு மொழியின் இரண்டு வடிவங்கள் வழங்கும் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். ஆனால் இதைப் பற்றி நான் முதலில் படித்தது மொழியியல் நூலில் அல்ல. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் படித்தேன். கரும்பலகை இல்லை, புத்தகங்கள் வீட்டோடு போய்விட்டன. எங்கள் தமிழ் ஆசிரியை நினைவிலிருந்தே நன்னூல் கற்பித்தார். வழக்கு இரண்டு வகை: இயல்பு வழக்கு, தகுதி வழக்கு. தகுதி வழக்கு மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பலர் முன் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணம் சொன்னார். பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். இது ஒரு நாள் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகும் என்று எனக்கு அன்று தெரியாது.

இன்றைக்கு அந்த மூன்றையும் வைத்துத்தான் கதைக்கப் போகிறேன். நோயாளர்களின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பிழைகள் என்னுடையவை, அவற்றை மாற்றவில்லை.

முதலில் குழூஉக்குறி. வைத்தியர்களாகிய நாங்களும் பொற்கொல்லர் மாதிரித்தான். மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் ஆங்கிலத்தில் படிக்கிறோம். வெளியே வரும்போது எங்கள் வாயில் தமிழ் இருக்கும், ஆனால் சொற்கள் எங்கள் கூட்டத்துக்குரியவை. 'பொசிட்டிவ்' என்றால் ஊருக்கு நல்லது. எங்களுக்குப் பெரும்பாலும் கெட்ட செய்தி. "ரிப்போர்ட் நெகட்டிவ்" என்று நான் சிரித்துக்கொண்டு சொல்ல, ஒரு தாய் அழத் தொடங்கியிருக்கிறார்.

அது சிரிப்பாக முடிந்த கதை. முடியாத கதை இது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடும் ஓர் ஐயாவிடம், "நாளைக்கு ஒரு பாஸ்டிங் எடுக்க வேணும். காலமை ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ, விளங்கினதோ?" என்றேன். "ஓம் டொக்டர்" என்றார். அடுத்த நாள் காலை வழமைபோல ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ஒன்பதரை மணிக்கு வியர்த்து, நடுங்கி, வரிசையிலேயே விழுந்துவிட்டார். இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், கண் திறந்தார். நான் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சாப்பாட்டைத்தானே விடச் சொன்னனீங்கள் டொக்டர். ஊசியை விடச் சொல்லேல்லையே."

அவர் சொன்னது முழுக்கச் சரி. 'பாஸ்டிங்' என்ற ஒரு சொல்லுக்குள் ஊசியையும் சேர்த்துக் கட்டியிருந்தது என் கூட்டம். ஒரு தாதியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் முழுவதும் போய்ச் சேரும். அந்த ஐயாவிடம் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

அவர் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? எங்கள் ஊரில் மரியாதை உள்ள இடத்தில் "ஓம்" என்றால், "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, உங்களை மதிக்கிறேன்" என்று பொருள். "எனக்கு விளங்கியது" என்று பொருள் அல்ல. இது எங்களுக்குப் புதிதில்லையே. இந்த வகுப்பறைகளில் இருந்துகொண்டு, ஒன்றும் விளங்காமலே எத்தனை தரம் "ஓம் ரீச்சர்" என்று சொல்லியிருப்போம்!

அதனால் இப்போது நான் "விளங்கினதோ?" என்று கேட்பதில்லை. "வீட்டை போனவுடனை மகள் கேப்பா, டொக்டர் என்ன சொன்னவ எண்டு. என்ன சொல்லுவீங்கள்? எனக்கு ஒருக்கா அப்பிடியே சொல்லிக் காட்டுங்கோ" என்று கேட்கிறேன். என் தமிழை அவர்கள் தங்கள் வீட்டுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லும்போது எது விடுபட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் போதும். (ஊசி போடுபவர்கள் இங்கே இருந்தால், இரத்தப் பரிசோதனை நாளில் ஊசியை என்ன செய்வது என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். ஊசியின் வகையைப் பொறுத்துப் பதில் மாறும்.)

இந்த மண்ணில் இதைப் பற்றி எங்களுக்கு முன் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு முதலில் ஆங்கிலத்தில் மேலைமருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது, 'கெமிஸ்தம்' 1875இல். சத்திரசிகிச்சைக்கும் இரசாயனத்துக்கும் தமிழில் பாடநூல் வேண்டும் என்று அன்றே செய்து காட்டினார்கள். ஆனால் அந்தத் தமிழ் மாணவருக்கான தமிழ். வாங்கில் இருக்கும் நோயாளிக்கு வேறொரு தமிழ் வேண்டும். அதற்குப் பாடநூல் இல்லை, நோயாளியிடம்தான் படிக்க வேண்டும்.

அதிலும் ஊருக்கு ஊர் வேறு. நான் மலையகத்தில் வேலை செய்த நாட்களில் ஒரு தோட்டத்துத் தாய், "நர்ஸம்மா ராத்திரி ரொம்ப நேரம் பேசினாங்க டொக்டரம்மா" என்றார். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது. நேரே தாதியிடம் போய், "ஏன் அவவுக்குப் பேசினனீங்கள்?" என்று கேட்டேன். பிரசவத்துக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தவருக்கு இரவு முழுக்க ஆறுதல் சொன்ன பிள்ளை அது. முகம் வாடிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதே விடுதியில்தான் 'நோகுது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'வலிக்குது' என்பதையும், 'தலையிடி'க்குப் பக்கத்தில் 'தலைவலி'யையும், 'குளிசை'க்குப் பக்கத்தில் 'மாத்திரை'யையும், 'சத்தி'க்குப் பக்கத்தில் 'வாந்தி'யையும் வைக்கப் பழகினேன். சிங்களத்திலும் இதே கதைதான். புத்தகத்தில் படித்தபடி மருந்துக்கு 'ஔஷத' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு சிற்றூழியர் அம்மா சிரித்துக்கொண்டு, 'பெஹெத்' என்று சொல்லச் சொல்லித் தந்தார். வானொலிச் செய்தி வாசிப்பவர் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தது போல நோயாளருக்கு இருந்திருக்கும்.

இரண்டாவது மங்கலம். சாவை நாங்கள் நேரே சொல்வதில்லை. "தவறிட்டார்", "மோசம் போட்டார்", "சிவபதமடைந்தார்", "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". முஸ்லிம் சகோதரர்கள் "மவுத்தாகிட்டார்", "வபாத்தானார்" என்பார்கள். இவை நல்ல சொற்கள். துக்க வீட்டில் இவற்றைச் சொல்வது மனிதத்தன்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், ஒரு மகனிடம் நான் தாழ்ந்த குரலில், "எங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தம் தம்பி. இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அப்ப கொழும்புக்குக் கொண்டு போகலாமோ டொக்டர்? அம்புலன்சுக்கு நான் காசு கட்டுறன்" என்றார். அவருடைய தந்தை இறந்து இருபது நிமிடமாகியிருந்தது.

என் மங்கல வார்த்தை அவருக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. பிறகு அதை நானே பறிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒன்று படித்தேன். முதலில் இருக்கச் சொல்ல வேண்டும். "ஒரு கெட்ட செய்தி சொல்ல வேணும்" என்று சொல்லி ஒரு மூச்சு விட வேண்டும். பிறகு, "அப்பா இறந்திட்டார்" என்று நேரே சொல்ல வேண்டும். மங்கலச் சொற்கள் அதற்குப் பிறகு வரட்டும். அவற்றை உறவினர்களும் அயலவர்களும் அழகாகச் சொல்வார்கள். நேரே சொல்லும் கடமை எனக்கு.

மூன்றாவது இடக்கரடக்கல். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நாங்கள் பெண்கள். எங்கள் உடம்பைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த சொற்களில் பெரும்பாலானவை மறைக்கும் சொற்கள். மாதவிடாய்க்கு "சுகமில்லை". கர்ப்பத்துக்கு "முழுகாமல் இருக்கிறா". மலம் கழிப்பதற்கு "வெளிக்குப் போறது". நான் மருத்துவ மாணவியாக முதல் நாள் விடுதிக்குப் போய் ஓர் ஆச்சியிடம் "மலம் கழித்தீர்களா?" என்று கேட்டேன். ஆச்சி திகைத்துப் பார்த்தா. பக்கத்தில் நின்ற நண்பர் உதவிக்கு வந்து, "வெளியாலை போனனீங்களோ ஆச்சி?" என்றார். "இல்லை ராசா, கட்டிலை விட்டு எழும்பவே இல்லை" என்றா ஆச்சி. இன்றும் நாங்கள் சந்தித்தால் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

எல்லா மறைப்பும் சிரிப்பில் முடிவதில்லை. சில வருடங்களுக்குப் பிறகு, ஐம்பது வயது கடந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். நல்ல மகன், வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாயைக் கூட்டி வந்திருந்தார். கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "என்னம்மா செய்யுது?" என்றேன். மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நெஞ்சிலை ஒரு மாதிரி இருக்கு பிள்ளை. இடைக்கிடை குத்துது" என்றார். நெஞ்சு என்றவுடன் என் தலைக்குள் இருதயம் வந்துவிட்டது. ஈ.சி.ஜி. எடுத்தேன், நல்லாக இருந்தது. இரத்தம் பார்த்தேன், நல்லாக இருந்தது. "ஒண்டும் இல்லையம்மா, வாய்வாயிருக்கும்" என்று குளிசை எழுதிக் கொடுத்தேன். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வெளியே இன்னும் அறுபது பேர் வரை நின்றார்கள். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

ஏழு மாதம் கழித்து மகளோடு வந்தார். மகளை அருகில் வைத்துக்கொண்டு சட்டையைத் தளர்த்திக் காட்டினார். இடது மார்பில் கட்டி. தோல் இழுபட்டிருந்தது, கமக்கட்டுக்குள்ளும் கட்டிகள் இருந்தன. நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு நான் அண்டைக்கே சொன்னனான்தானே, பிள்ளை."

அவர் சொன்னவர்தான். தன்னிடம் இருந்த சொல்லில், அந்த அறையில் சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னவர். நான் பெண் வைத்தியர் என்பதால் என்னிடம் கூச்சப்படமாட்டார் என்று நினைத்துவிட்டேன். அவர் முன்னால் இருந்தது நான் மட்டும் இல்லையே. மகனும் நின்றார். பெற்ற மகனுக்கு முன்னால் அந்தச் சொல் எப்படி வரும்? எங்களில் யாருக்கு வரும்? ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதை முன்னால் இருப்பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரும் தீர்மானிக்கிறார். அன்று எனக்குத் தெரியாமல் போனது அதுதான்.

சத்திரசிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். ஏழு மாதம் முந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது.

அன்று முதல் கூட வந்தவரிடம், "தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் வெளியிலை நில்லுங்கோ" என்று சொல்கிறேன். எல்லோருக்கும் அப்படித்தான், அதனால் யாரும் குறையாக நினைப்பதில்லை. கதவு சாத்திய பிறகு, "எங்கை எண்டு கையை வைச்சுக் காட்டுங்கோ அம்மா" என்கிறேன். சொல் வராவிட்டாலும் கை வரும். நான் தொட்டுக்கொண்டு போகும்போது, "உதிலை, உதிலைதான்" என்பார்கள். இதுவும் இல்லை அதுவும் இல்லை, உன் கை இருக்கிற இடம் என்று காட்ட யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் உயிரோடிருக்கும் அந்த 'உ'வுக்கு நான் நன்றி சொல்கிறேன். இந்த வித்தையை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள். மாமியார் முன்னால் ஒன்றும், கிணற்றடியில் தனியாக நிற்கும்போது ஒன்றும் கேட்க அவர்களுக்குத் தெரியும். நான் அவர்களிடம்தான் படித்தேன்.

ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே இது இன்னும் சிக்கல். என் தோழி ஒருத்தி சொன்னாள்: அவளுடைய தாய் தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளரிடம், "நாரிக்குள்ளை பிடிச்சுப் போட்டுது" என்று சொன்னாராம். அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நாரி என்றால் பெண் என்று இலக்கியத்தில் படித்தவர். கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். ஆனால் அதைவிட எனக்குக் கவலை தருவது, பன்னிரண்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப்போவது. அம்மம்மா தன் பேத்திக்கு முன்னால் எதைச் சொல்லுவா? அந்த மகனுக்கு முன்னால் அந்தத் தாய் சொன்னதைத்தான் சொல்லுவா. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுங்கள், இலங்கைத் தமிழ் தெரிந்த பெண்ணாக இருந்தால் நல்லது என்றும் சொல்லுங்கள். பேத்தி வெளியே இருக்கட்டும்.

இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 35 வயதுப் பெண்களை அழைத்து மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறார்கள். பணம் இல்லை. இங்கே இருப்பவர்களில் 35ஐக் கடந்தும் போகாதவர்கள் போங்கள். உங்கள் அம்மாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவடி வரை போங்கள், உள்ளே அவர்களைத் தனியே விடுங்கள்.

மாணவிகளே, உங்களில் சிலர் வைத்தியராவீர்கள், சிலர் சட்டத்தரணியாவீர்கள், சிலர் கச்சேரியில், வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள். மேடைத் தமிழை இந்தப் பாடசாலை நன்றாகச் சொல்லித் தரும். தமிழ்த்தினப் போட்டிக்கு அது வேண்டும். கூடவே, உங்கள் அம்மம்மா கதைக்கும் தமிழையும் மறக்காமல் வைத்திருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கப்போவது அவவைப் போல ஒருவர்தான்.

மாமரத்தின் கீழ் நன்னூல் கற்பித்த ஆசிரியை இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் இந்த உரையில் பேச்சுவழக்கு கூடிவிட்டது என்று சொல்லியிருப்பார். பிறகு, இந்த இடத்துக்கு அது தகும் என்றும் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.